பன்னிரண்டு தந்திக் கிதாரின் தலை

போன வாரம் திருவொற்றியூர் போகும் மின்சார ரயிலில் என் எதிரே ஒரு பையன் கிதாரை மடியில் வைத்தபடி தூங்கிவிட்டான். அதன் தலை மெல்லச் சாய்ந்தது. என் கை தானாக நீண்டு தாங்கிக்கொண்டது. விழித்தவன் என்னைத் திருடனைப் போலப் பார்த்தான். அவன்மேல் குற்றமில்லை, என் சட்டை அப்படி.

சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு காலத்தில் கிதாரின் தலையைத் தாங்குவதுதான் என் மாலை நேரத்து வேலையே. பள்ளியைப் பாதியில் விட்டு ஊர் ஊராகச் சுற்றி, ராயபுரம் வந்து சேர்ந்திருந்தேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். பகலில் துறைமுகத்தில் மூட்டை. கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், லாசரின் அறையில் எனக்கும் ஒரு பாய். லாசர் சரக்கு தூக்கும் விஞ்சு ஓட்டியவன். அறுந்த கயிறு இடது மணிக்கட்டில் அடித்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் கிதார் தந்தியை அழுத்தின. ஆனால் அந்தக் கை எதையும் தாங்கவில்லை.

அவனுடைய கிதார் யாரோ கப்பல் சமையல்காரன் விட்டுப்போனது. ஜோடி ஜோடியாகப் பன்னிரண்டு தந்திகள். தலையில் பன்னிரண்டு திருகாணிகள், ஒவ்வொன்றுக்கும் காது மாதிரி ஓர் இரும்புப் பிடி. அந்தக் கனத்தில் அது எந்நேரமும் தரையைப் பார்க்கும். எனவே லாசர் வாசிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை உள்ளங்கையில் ஏந்துவேன். மரத்தின் வழியாக ஓசை முழங்கை வரை ஏறும். எந்த ஊரிலும் நிலைக்காத நான் அங்கே தங்கியது அதற்காகத்தான்.

கல்யாண பேண்டு ஒன்றில் அவனைக் கூப்பிட்டார்கள். நின்றுகொண்டு தனியாக வாசிக்க வேண்டும் என்றார்கள்.

"கிதாருக்கு ஒருத்தன், அது தலைக்கு ஒருத்தனான்னு கேக்கறான் மாமு" என்று லாசர் சிரித்தான். நானும் சிரித்தேன். தலை லேசானால் நான் எதற்கு என்ற நினைப்பு வராமல் இல்லை.

தலையின் கனத்தைக் குறைத்துத் தரச் சொல்லி, குப்பத்தில் கட்டுமரம் செதுக்கும் கன்னியப்பனிடம் போனோம். அவன் கிதாரைத் துடுப்பின்மேல் குறுக்கே வைத்து, எங்கே நிலைக்கிறது என்று பார்த்தான்.

"இன்னா நைனா, மூக்கு இவ்ளோ கனம் கீது? இத்த கடல்ல வுட்டா மொதல்ல தண்ணி குடிக்கும்."

"கடல்ல யாரு வுடப்போறா? வாசிக்கணும்பா" என்றான் லாசர்.

கன்னியப்பன் தலையின் பின்பக்கத்தை இழைத்தான். திருகாணிகளுக்கு நடுவே துளை போட்டு மரத்தை எடுத்தான். பிறகு இரும்புப் பிடிகளைக் கழற்றி, கட்டுமரத்து மரத்திலேயே பிடிகள் செய்து மாட்டினான். அவனுக்கு லேசு என்றால் அந்த மரம்தான். பஞ்சு மாதிரி இருந்தது. லாசர் தந்தியை முறுக்கினான். பிடி சுற்றியது, உள்ளே ஆணி அசையவில்லை. மெத்தென்ற மரம் அரைந்து மாவாகக் கொட்டியது.

"நல்லா மெதக்கும், ஆனா பாடாது" என்றான் லாசர். கன்னியப்பனுக்கே சிரிப்பு தாளவில்லை.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "கஞ்சி மொள்ற அகப்பை கொட்டாங்கச்சிதானே? அது லேசு, தேயவும் தேயாது" என்றேன்.

"பாத்தியா, மூட்டை தூக்கறவன் மூளைய!" என்று கன்னியப்பன் என் முதுகில் அறைந்தான்.

கொட்டாங்கச்சிப் பிடிகள் உடும்பாகப் பிடித்தன. லாசர் தோளில் வாரை மாட்டி எழுந்து நின்றான். கையை எடுத்தான். தலை அப்படியே நின்றது. மணலில் நின்று வாசித்தான். அவ்வளவு நன்றாக அவன் அதற்குமுன் வாசித்துக் கேட்டதில்லை. என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முதல் கல்யாணத்துக்குக் கூப்பிட்டான். "வாடா, குந்திக்கினு கேளு."

"நீ போ. எனக்கு வேல கீது."

அதன்பின் மாலைகளில் அறையில் அவன் இருக்கமாட்டான். எண்ணூர் உப்பளத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் பாயைச் சுருட்டினேன். சந்து முனை வரை வந்தான்.

"இங்க இன்னா கொறை உனக்கு?" என்றான்.

"ஒண்ணும் இல்ல" என்றேன். உண்மைதான்.

போன வாரம் அந்த ரயிலைவிட்டு ராயபுரத்திலேயே இறங்கிவிட்டேன். சந்து இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. கன்னியப்பன் மரம் செதுக்கிய மணல் போய், கடலோரமெங்கும் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். டீக்கடையில் லாசரைப் பற்றி விசாரித்தேன். கடைக்காரனுக்கு அப்படி ஒரு பெயரே தெரியவில்லை.

"அவுரு உனக்கு இன்னா ஒறவு பெர்சு?" என்றான்.

கிதாரின் தலையை ஏந்தினவன் என்ன உறவு என்று யோசித்துப் பார்த்தேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.