நாற்பதாம் வரியில் ஒரு கைநாட்டு

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நேரம், இடம், ஆட்கள் எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. நடுராத்திரியில் சுடுகாட்டில் நடந்ததும் அல்ல. பட்டப்பகல். கூடம் நிறைய ஆட்கள்.

முதலில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன்.

மே 14, செவ்வாய்க்கிழமை. நைரோபி ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், எங்கள் குடியிருப்பின் தேவாலயக் கூடம். தகரக் கூரை. முன்மேசையில், புது ஸ்டேஷனுக்கு வரைபடம் போடும் கம்பெனியின் எஞ்சினியர் கத்துரு. அவருக்கு இடப்பக்கம் ஞாம்பி, அதே கம்பெனியின் பெண். வருகைத்தாளும் ஊசிப் பெட்டியும் அவள் பொறுப்பு. வலப்பக்கம் தனி மேசையில், கட்டப்போகிற ஸ்டேஷனை அட்டையில் சின்னதாகச் செய்து வைத்த மாதிரி வடிவம். முதல் பெஞ்சில் கீரைக்காரி கிலோன்சோ அம்மா. காகிதத்தில் அவள் பெயர் சியோம்புவா. தெருவில் யாருக்கும் அது தெரியாது. எங்கள் பக்கம் பெண்களை மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவளுக்குப் பின்னால் கைவண்டி இழுக்கும் ஒதேரோ. மற்றவர்கள் ஏழு பெஞ்சுகளில். மாதிரிக்குப் பக்கத்தில் இருந்த எட்டாவது பெஞ்சில் யாரும் இல்லை. வாசலை ஒட்டிய சின்ன மேசையில் நான், ஜைரஸ் மகோகா, குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி. தபால் நிலைய வாசலில் உட்கார்ந்து ஊரார் கடிதங்களை எழுதுவது என் பிழைப்பு.

எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தண்டவாளத்தைக் கடந்து சந்தைக்குப் போக ஒரு பழைய கேட் இருக்கிறது. கீரைக் கூடையும் கைவண்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். புது ஸ்டேஷனிலும் அந்த இடத்தில் ஒரு வழி வேண்டும். மேலே பாலமோ கீழே சுரங்கமோ, ஏதோ ஒன்று. அதைச் சொல்லத்தான் அந்தக் கூட்டம். மக்களிடம் கருத்துக் கேட்காமல் கட்டக்கூடாது என்பது விதி. குறைந்தது நாற்பது பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதும் விதி.

மழை. 2.40க்கு எண்ணினேன். என்னையும் சேர்த்து முப்பத்தொன்பது.

கத்துரு என் மேசைக்கு வந்து குனிந்தார்.

"ஒரு ஆளுக்காகக் கூட்டத்தைத் தள்ளி வைக்கணுமா, செக்ரட்டரி? அடுத்த மாசம் வரைபடத்தை முடிச்சு மூடிடுவாங்க. அப்புறம் உங்க கேட்டை நீங்களே கனவுல பார்த்துக்க வேண்டியதுதான்."

"இல்லாத ஆளை நான் எங்கே போய்ப் பிடிக்க?"

"ஊர்க்காரங்க கடுதாசி பூரா எழுதுற ஆளு. ஒரு பேரு எழுத வராதா?"

என் உறையில் ஒரு பழைய மனு இருந்தது. பதினோரு வருடங்களுக்கு முன்னால், அதே கேட்டுக்குக் காவலாள் கேட்டு நானே எழுதியது. அவரிடம் காட்டலாம் என்று எடுத்து வந்திருந்தேன். அதைத் திறந்தேன். கடைசி வரியில் இருந்த பெயர்: பெர்பெத்துவா அகேயோ. பக்கத்தில் அடையாள அட்டை எண், அதற்கடுத்து ஒரு கைநாட்டு. முகம் நினைவுக்கு வரவில்லை. எப்போதோ ஊரைவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

2.50. வருகைத்தாளின் நாற்பதாம் வரியில் அந்தப் பெயரை எழுதினேன். கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பிறகு வேறு பேனாவால் ஏதாவது கிறுக்கிக்கொள்ளலாம்.

நான் செய்த தப்பு அதுதான். மறைக்கவில்லை.

கூட்டம் தொடங்கியது. ஞாம்பி ஆளுக்கொரு சிவப்பு ஊசி கொடுத்தாள். எங்கே வழி வேண்டுமோ அங்கே மாதிரியில் குத்த வேண்டும். பெட்டியில் சரியாக நாற்பது ஊசிகள். மிஞ்சிய ஒன்றை என் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

"கேட்டு இருந்த இடத்துல சுவருல்ல நிக்குது?" கிலோன்சோ அம்மா மாதிரியின் முன் நின்று கேட்டாள்.

"அது மாதிரிதான்மா. மாத்தலாம்," என்றார் கத்துரு.

"மாத்துறதுன்னா ஏன் இவ்வளவு கெட்டியா ஒட்டியிருக்கீங்க?"

கூடம் சிரித்தது. கத்துரு சிரிக்கவில்லை.

"கூடையோட நான் சுவர் ஏறணுமா, தம்பி? என் வயசுல?"

"உன்னைத் தூக்கிப் போட என் வண்டி இருக்கு. ஆனா அதுக்கு ஆறு பேர் வேணும்," என்றான் ஒதேரோ. மறுபடி சிரிப்பு.

மழை வலுத்தது. தகரத்தில் கற்கள் கொட்டுவது போலச் சத்தம். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை.

3.10. சட்டென்று கூடத்தில் ஒமேனாக் கருவாட்டு வாடை. யாரும் கருவாடு கொண்டு வரவில்லை. நான் எழுந்து பார்த்தேன்.

3.15. ஒதேரோ ஊசி குத்திவிட்டு எட்டாவது பெஞ்சில் உட்காரப் போனான். பாதி குனிந்தவன் நிமிர்ந்துவிட்டான். "மன்னிச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பினான்.

அந்தப் பெஞ்சில் யாரும் இல்லை.

3.22. கத்துரு அளவுகளைப் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார். எட்டாவது பெஞ்சைப் பார்த்தார்.

"இல்லம்மா," என்றார். "அந்தப் பக்கமா இனிமே வர முடியாது."

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

எங்களில் யாரும் எந்தக் கேள்வியும் கேட்டிருக்கவில்லை...

கத்துரு நெற்றியைத் தேய்த்தார். மறுபடி படிக்கத் தொடங்கினார். நான் முறைப்படி நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன்: 'கேள்வி, எட்டாவது பெஞ்சிலிருந்து. கேட்டவர் பெயர் தெரியவில்லை.'

3.50. கூட்டம் முடிந்தது. சோடா கொடுத்தார்கள். நாற்பது போத்தல்கள் வந்திருந்தன. ஒன்று மிஞ்ச வேண்டும்.

மிஞ்சவில்லை.

எட்டாவது பெஞ்சின் ஓரத்தில் ஒரு போத்தல். மூடி திறந்திருந்தது. காலி.

சட்டைப்பையைத் தொட்டேன். பொத்தான் மாட்டியபடியே இருந்தது. உள்ளே...

ஊசி இல்லை.

மாதிரியிடம் போனேன். எண்ணினேன். நாற்பது. முப்பத்தொன்பது ஊசிகள் சுவரை ஒட்டி, இந்தப் பக்கம். ஒன்று மட்டும் சுவருக்கு அப்பால்.

தண்டவாளத்தின் மேல்.

4.05. வருகைத்தாளை எடுத்தேன்.

நாற்பதாம் வரி.

கட்டம் காலியாக இல்லை.

கைநாட்டு.

கறுப்பு. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. தொட்டேன்...

ஈரம்.

ஞாம்பியின் மேசையில் மைப்பெட்டி கிடையாது. கேட்டுவிட்டேன். "இங்கே எல்லாம் பேனாதான், ஐயா," என்றாள். தாளை வாங்கி நாற்பது வரை விரல் வைத்து எண்ணினாள். திருப்தியாகப் பையில் வைத்துக்கொண்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. நாற்பது ஆகிவிட்டதல்லவா? கேட் வந்துவிடும் அல்லவா?

ஜூலை 22 அன்று கம்பெனியின் அறிக்கை வந்தது. பளபளவென்ற காகிதம். மழையில் வந்த எங்கள் ஆட்களின் படம் அட்டையிலேயே இருந்தது. பதினேழாம் பக்கத்தில் இரண்டே வரிகள்: 'நாற்பது குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஆட்சேபம் ஏதும் இல்லை.' வரைபடத்தில் கேட் இல்லை. சுவர் இருந்தது. கடக்கும் பாலம் தொள்ளாயிரம் மீட்டர் தள்ளி, கார் நிறுத்துமிடத்துப் பக்கம். கடைசிப் பக்கத்தில் சாட்சியாக எங்கள் வருகைத்தாள். நாற்பது பெயர்கள். என் கையெழுத்து முதலில்.

கிலோன்சோ அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். சந்தையில், அவள் கீரைக் கட்டுகளுக்கு நடுவில். பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். நாற்பதாவது பெயரில் அவள் கை நின்றது.

"யாரு? மறுபடி சொல்லுங்க."

"பெர்பெத்துவா அகேயோ."

"என்ன விளையாட்டு இது, செக்ரட்டரி? செத்தவளை எதுக்கு எழுதினீங்க?"

"செத்துட்டாளா? எனக்கு அவ யாருன்னே தெரியாதே."

"தெரியாதா? போனிஃபேஸ் அம்மா! கேட்டு வாசல்ல ஒமேனா வித்தவ. எத்தனை நாள் அவகிட்ட கடன் சொல்லித் தின்னிருக்கீங்க!"

போனிஃபேஸ் அம்மாவை எனக்குத் தெரியும். கேட்டில் ரயில் அடித்துச் செத்தாள் என்பதும் தெரியும். ஆனால் அந்தச் செய்தி பரவியபோது நான் ஊரில் இல்லை. மனுவை முடித்த அன்றே, அப்பா இறந்த செய்தி கேட்டு, மேசையிலிருந்து நேராக பஸ் ஏறி என் சொந்த ஊரான வெபுயேக்குப் போய்விட்டேன். ஆறு வாரம் கழித்துத் திரும்பினால், அவள் போன பிறகு கேட்டுக்கு ஒரு காவலாளைப் போட்டிருந்தார்கள். சரி, மனுவுக்கு இனி வேலை இல்லை என்று பெட்டியில் வைத்தேன். அனுப்பவே இல்லை. மனுவில் பெயர்களை அடையாள அட்டையைப் பார்த்துத்தான் எழுதினேன், அட்டையை நீட்டிய ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசி வரியில் இருந்த பெயரும் கேட்டில் செத்த கருவாட்டுக்காரியும் ஒரே ஆள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"எப்படி அடிச்சுது?" என்றேன்.

"உங்ககிட்ட கைநாட்டு வெச்சுட்டுத் திரும்பும்போதுதான். நாப்பது பேர் ஆனாத்தான் அனுப்புவேன்னு சொன்னீங்களாமே. வியாபாரத்தை விட்டுட்டு ஓடிவந்தா. மூணே கால் வண்டி போயிருச்சுன்னு நெனச்சுட்டா. அது அன்னிக்கு ஏழு நிமிஷம் லேட்டு." கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "விரல்ல மை கூடக் காயலை, செக்ரட்டரி. நான்தான் துடைச்சு விட்டேன்."

மூன்றே கால். ஏழு நிமிடம்.

3.22.

வீட்டுக்குப் போய்ப் பழைய மனுவை எடுத்தேன். நாற்பதாம் வரி. பெயர் இருந்தது. எண் இருந்தது.

கைநாட்டு இருந்த கட்டம்...

வெள்ளையாக இருந்தது.

நேற்று ஆகஸ்ட் 2. தபால் நிலைய வாசலில், என் மேசையில், முதன்முறையாக எனக்காக ஒரு கடிதம் எழுதினேன். ரயில் நிலையத் திட்டத்தின் தலைமை அதிகாரிக்கு. வந்தவர்கள் முப்பத்தொன்பது பேர். நாற்பதாவது பெயரை எழுதியவன் நான். அவர் பதினோரு வருடங்களுக்கு முன்பே அதே இடத்தில் இறந்தவர். எனவே கூட்டம் செல்லாது, மறுபடி நடத்துங்கள். செக்ரட்டரி வேலை போகும். வழக்கும் வரலாம். போகட்டும், வரட்டும். எங்கள் பக்கம் சுவருக்குக் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தை யாராவது படிப்பார்களா என்பதும் சந்தேகம்தான்.

பழைய மனுவையும் அதோடு வைத்தேன். பதினோரு வருடம் தாமதம்.

11.40க்கு உறையை ஒட்டினேன். பேனாவை மூடினேன். மைப்பெட்டியை நான் திறக்கவே இல்லை. என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். சுத்தம்.

உறையைத் திருப்பினேன்.

ஒட்டிய இடத்தில், இரண்டு பக்கமும் படும்படி, ஒரு கைநாட்டு. குறுக்கே தழும்பு.

ஈரம் காயவில்லை.

நான் துடைக்கவில்லை. எனக்கும் ஒரு சாட்சி வேண்டும். அப்படியே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.