பனிக்குள் ஏழு கிலோமீட்டர்: அத்திக்கொல்லைக்கு விளக்கு வாங்கிப் போன பயணம்

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வேலூர் வந்து சேர்ந்தேன். என்னுடையது நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்கப் வண்டி. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பதினாறு வருடம் தையல் லைன் சூப்பர்வைசராக இருந்து, வேலையை விட்ட கையோடு வாங்கியது. இப்போது ஜவ்வாது மலையிலிருந்து சீத்தாப்பழம் ஏற்றி ஆம்பூருக்குக் கொண்டு வருகிறேன். பழம் பறிக்கும் ஊர் அத்திக்கொல்லை. ஆலங்காயம் வழியாக மலையேறி, காவலூரைத் தாண்டி, மண்பாதையில் ஏழு கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும்.

அந்த ஏழு கிலோமீட்டர்தான் என்னை வேலூர்வரை துரத்தியது. ஐப்பசி பிறந்ததிலிருந்து மலையில் விடியற்காலைப் பனி. முந்தின வெள்ளிக்கிழமை ஹெட்லைட்டைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் நின்றது. இடது பக்கம் பள்ளம். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஆம்பூரிலிருந்து ஏழரைக்குக் கிளம்பும் சென்னை லாரி போயே போய்விட்டது. நாற்பது கூடைப் பழமும் மதியத்துக்குள் வெடித்துக் குழைந்துவிட்டன.

பழத்தை வாங்கிச் சென்னைக்கு அனுப்பும் ஆம்பூர் மண்டிக்காரர், "இன்னொரு தபா லேட்டானா சித்தூர் பழம் எடுத்துக்குவேம்மா, தப்பா நினைக்காத" என்றார். மலையில் பறிப்பது பதினோரு பெண்கள். அவர்களை நடத்திப் போகிற சின்னப்பொண்ணு என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் திருப்பிக் கொண்டுபோன பழத்தை ஆடுகளுக்குக் கொட்டிவிட்டு, "அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பறிக்கிறோம்க்கா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வேலூர் கடையில் விற்பனையாளர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மியான ஒரு நீள விளக்கைத் தூக்கி வந்தார். விலை எட்டாயிரத்து ஐந்நூறு.

"கேபின் மேல இதைப் போடுங்க மேடம். ராத்திரி பகலாயிடும்."

"பனியில தெரியுமா?"

"பனியைக் கிழிச்சிட்டுப் போகும்!"

எனக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது. ஆம்பூரில் என் வண்டிக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் இம்தியாஸ் பாய்க்குப் போன் போட்டேன். "அதையும் எடு, கீழ மாட்டுற மஞ்சள் ஜோடி ஒண்ணையும் எடு மெர்சி. புடிக்காதத திருப்பித் தர்றேன்னு சொல்லு" என்றார். மஞ்சள் ஜோடி நாலாயிரத்து இருநூறு. கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் சம்மதித்தார்.

ஐம்பது கிலோமீட்டர். பதினொன்றே முக்காலுக்கு ஆம்பூர். ஆனால் அந்த வெயிலில் பனிக்கு எங்கே போவது? பாய் சிரித்தார். அவர் ஷெட்டுக்குப் பின்சுவர் பிரியாணிக் கடையின் சமையல்கட்டு. ஜன்னல் இல்லாத இருட்டறை. மாஸ்டரிடம் சொல்லி வைத்து, தம் உடைக்கும் நேரத்துக்கு நாங்கள் பேட்டரியோடு போய் நின்றோம். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க ஆவி.

முதலில் நீள விளக்கைத் தலைக்கு மேல் பிடித்தார் பாய். கண் கூசியது. எதிர்ச் சுவர் காணாமல் போனது. அதே வெள்ளைச் சுவர் மறுபடி என் முன்னால்.

"பாத்தியா? ஒசரத்துலேர்ந்து அடிச்சா வெளிச்சம் ஆவியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்புது. பவர் ஜாஸ்தியானா பேஜாரும் ஜாஸ்தி."

அடுத்து மஞ்சள் விளக்கை முழங்கால் உயரத்தில் பிடித்தார். வெளிச்சம் தரையோடு தரையாக, அகலமாகப் பரவியது. சுவரின் அடிவரிசைச் செங்கல்லை என்னால் எண்ண முடிந்தது. "சீக்கிரம் பாய், சோறு ஆறுது" என்று மாஸ்டர் கத்தினார். முடிவு எடுத்தாகிவிட்டது.

பம்பரில், ஹெட்லைட்டுக்குக் கீழே, ஜோடியைத் திருகி மாட்டினார். தனி ரிலே, தனி ஃப்யூஸ், தனி சுவிட்ச். எதிரில் வருகிறவர் கண்ணில் வெளிச்சம் படாதபடி விளக்குகளின் முகத்தைச் சற்றுத் தாழ்த்தினார். தார்ரோட்டில் மூடிக்கொள்ள இரண்டு உறையும் கொடுத்தார். வெள்ளை விளக்கு வேலூருக்குப் பார்சலில் திரும்பியது.

மாலை ஆறு மணிக்கு அத்திக்கொல்லை. சின்னப்பொண்ணு வீட்டில் சாமைச்சோறும் அவரைக் குழம்பும். அவள் விளக்குகளைக் குனிந்து பார்த்து, "சின்னதா இருக்கே" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை நாலே முக்கால். ஐம்பத்திரண்டு கூடைகள். சின்னப்பொண்ணு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். முதல் வளைவுக்குள் நுழைவதற்குள் பனி மூடிக்கொண்டது. மஞ்சளைப் போட்டேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் உறைத்தது, ஹெட்லைட் இன்னும் எரிகிறது. அதை அணைத்தேன்.

பாதை தெரிந்தது. முப்பது அடி இருக்கும். ஈரக் கற்கள், சக்கரத் தடம், இடது ஓரத்துப் புல், அதற்கப்பால் பள்ளம்.

"தெரியுதுக்கா! கல்லுகூடத் தெரியுது!" என்று அவள் என் தோளில் அறைந்தாள்.

முதல் கியரில் இறங்கினேன். நாலாவது கிலோமீட்டரில் ஒரு பால் வண்டி ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் கண்ணாடியை இறக்கி, "இன்னாக்கா, இதுல எப்படி ஓட்டுற?" என்றார்.

"என் பின்னாடியே வாங்க."

வந்தார். அடுத்த வளைவில் இரண்டு பைக்குகள் சேர்ந்துகொண்டன. காவலூர்த் தார்ரோட்டை நாலு வண்டிகளும் வரிசையாகத் தொட்டபோது மணி ஐந்தரை. சின்னப்பொண்ணு ஜன்னலில் தலையை நீட்டி, பின்னால் எத்தனை வண்டி என்று எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆலங்காயத்தில் வெளுத்துவிட்டது. விளக்குகளுக்கு உறை மாட்டினேன். வாணியம்பாடியில் நிற்காமல் நெடுஞ்சாலை பிடித்து ஆம்பூர் மண்டிக்குள் நுழைந்தபோது ஏழு அடிக்க ஐந்து நிமிடம். சென்னை லாரி இன்னும் தார்ப்பாய்கூட விரிக்கவில்லை.

மண்டிக்காரர் ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. "நாளைக்கும் இவ்ளோ வருமா?" என்று என்னைக் கேட்டார்.

பதில் சின்னப்பொண்ணிடமிருந்து வந்தது. "இதைவிட ஜாஸ்தி வரும். லாரியில எடம் வைங்க."

எங்கள் ஆம்பூர்த் தெருவில் விடிய விடிய விளக்கு எரியும். தோல் கம்பெனி வண்டிகள் எந்நேரமும் போய்வரும். ரோடு எங்கே முடிகிறது என்று யாரும் குனிந்து பார்க்கவேண்டிய அவசியமே கிடையாது. அங்கே பிறந்து வளர்ந்த நான், நாற்பத்தாறு வயதில், ஒரு மலைப்பாதையை அடி அடியாகப் பார்த்து இறங்கியிருக்கிறேன். டீ குடித்துவிட்டு, காலிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு, நாங்கள் இருவரும் மறுபடி மலைக்குத் திரும்பினோம்.