தொழில்நெறி வகுப்புக்குத் தாமதமாகப் போன நாள்

கணினி படிக்கும் பிள்ளைகளுக்குத் தொழில்நெறி என்றொரு பாடம் உண்டு. எங்கள் கல்லூரியில் அதை எடுக்க யாரும் முன்வராததால் என் தலையில் கட்டிவிட்டார்கள். பாஸ்வேர்டைப் பிறரிடம் சொல்லாதே, செய்யாததைச் செய்ததாக எழுதாதே என்று வாரம் மூன்று மணி நேரம் முழங்குவேன். பின்பெஞ்சு தூங்கும். முன்பெஞ்சு கண்ணைத் திறந்துகொண்டு தூங்கும்.

தூங்காத ஒருத்தி இருந்தாள். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பத்துப் பெண். கிருத்திகை தோறும் பெரியவர்கள் எல்லாரும் மலையேறிவிட, வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இவள் லீவு போட்டுவிடுவாள். அதனால் வருகை குறைந்து, இன்னும் ஒரே ஒரு வகுப்புக்கு வந்தால்தான் தேர்வு எழுதலாம் என்ற நிலை. பருவத்தின் கடைசி வகுப்பும் கிருத்திகையில்தான் வந்தது. குழந்தைகளை அடுத்த தெரு அத்தையிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். வராதது நான்தான்.

கனகம்மாசத்திரத்தில் நான் ஏறிய பேருந்து, கல்லூரி இருக்கும் மலையடிவார ஊருக்குள் நுழையும்போதே காவடிக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டது. பத்து மணிக்குள் வருகையைக் கணினியில் ஏற்றாவிட்டால் அந்த வகுப்பே நடக்காத கணக்கு. அவளுக்கே போன் செய்து, என் பாஸ்வேர்டைச் சொல்லி, எல்லாருக்கும் நீயே போட்டுவிடு என்றேன். பாதிப் பேருந்துக்கு என் பாஸ்வேர்டு தெரிந்துபோயிற்று. அவள் மட்டும் அதை எழுதிக்கொள்ளவில்லை. நீங்களே வந்து போடுங்கள் என்று சொல்லிவிட்டாள். யாருக்காக இந்தப் பாடு படுகிறேன் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

இறங்கி நடந்து, வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது பத்தேகால். கணினியில் வருகைப் பதிவு மூடிவிட்டது. இனி முதல்வருக்கு விளக்கக் கடிதம் ஒன்றுதான் வழி. சாட்சியாக வகுப்பிலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். சர்வர் கோளாறு என்று என் கை தானாகவே எழுதியது. எங்கள் கல்லூரியில் எல்லாத் தாமதத்துக்கும் அந்தப் பாவப்பட்ட சர்வர்தான் பொறுப்பு. கடிதத்தை அவளிடம் நீட்டினேன். படித்துவிட்டுப் பேனாவைத் திறக்காமல் நின்றாள்.

"சர்வர் நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சி மேடம்."

"நீ பரீட்சை எழுதணுமா வேணாமா?" என்றேன்.

"ஆங், எழுதணுங்க. நீங்க லேட்டா வந்தீங்கன்னு எழுதுங்க, போடறேன்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேறொரு தாள் எடுத்து, நான் தாமதமாக வந்தேன் என்று எழுதினேன். இத்தனை வருட வேலையில் அந்த வாக்கியத்தை அன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். உடனே கையெழுத்துப் போட்டாள். முதல்வர் அவளுக்கு வருகை கொடுத்தார். எனக்கு அரைநாள் விடுப்பைக் கழித்துக்கொண்டார்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம் வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். தொழிலில் நேர்மை என்றால் என்ன, விளக்குக என்று பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. மற்றவர்களெல்லாம் என் குறிப்பை வரி மாறாமல் எழுதித் தள்ளியிருந்தார்களாம். இவள் அதைச் சாய்ஸில் விட்டுவிட்டாளாம். ஏன் என்று கேட்டேன்.

"பதில் ரொம்பப் பெருசு மேடம். மனப்பாடம் ஆவல" என்றாள்.