எஸ்கலேட்டரில் பிடித்த கை

அன்னவாசல் மலையாண்டி தெருவில் நடந்தால் மனைவி பிரகதாம்பாள் பத்தடி பின்னால்தான் வருவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். சென்னையில் மகள் கார்த்திகா வீட்டில் தங்கி மனைவிக்கு வைத்தியம் பார்த்தபோது, மெட்ரோ ஸ்டேஷனின் நெடிய எஸ்கலேட்டர் முன்னால் பிரகதாம்பாள் தயங்கி நின்றாள். "பயமா இருக்குங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவருக்குக் கூச்சம். கீழே இறங்கியதும் வெடுக்கென்று கையை உதறிவிட்டு முன்னால் நடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்.

வைத்தியம் பலிக்கவில்லை. கருமாதியன்று சாப்பிட உட்கார்ந்தபோது மகளிடம் சொன்னார்: "ஒங்க ஆத்தாவுக்கு அந்த ஓடுற படின்னா அம்புட்டுப் பயம்."

"அம்மாவுக்கா? என்கூட வந்தா எனக்கு முன்னாடி அது பாட்டுக்கு ஏறி நிக்கும்ப்பா."

சோற்றில் வைத்த கையை மலையாண்டி எடுக்கவே இல்லை.