நிஜாம் பாய் ஆடுகிறார்

கணவர் நிஜாம் மாரடைப்பில் போன பிறகு, சாஜிதா பேகம் இத்தா இருந்து வாசல் தாண்டாத மாதங்களில், கோட்டைமேட்டு வீட்டில் அவளுக்குத் துணை அவருடைய செல்போன்தான். அதில் சில்லறைக் காசுக்குப் போக்கர் ஆடும் செயலி இருந்தது. பாத்திரக் கடையில் உட்கார்ந்தபடியே தினமும் சாயங்காலம் ஆடுவார். கூட ஆடுகிற பொள்ளாச்சி கொப்பரை வியாபாரி சுரேந்தரை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

மவுத்துச் செய்தியைச் சொல்லிவிடலாம் என்றுதான் சாஜிதா அதைத் திறந்தாள். அதற்குள் திரையில் எழுத்து ஓடியது.

"ஏனுங்க பாய், ஆளையே காணோமுங்களே?"

கை சும்மா இருக்கக் கூடாதா? "ஊருக்குப் போயிருந்தனுங்க" என்று அடித்துவிட்டது. அவ்வளவுதான், மனிதர் பிழைத்துக்கொண்டார்.

பிழைத்தவர் ஆட வேண்டுமே! பழைய ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து அவர் போக்கைப் பிடித்தாள். மூன்றிலோ நாலிலோ சின்ன ஜோடி கைக்கு வந்தால் நிஜாம் விடமாட்டார். கொஞ்சம் காசு போட்டு, மேசையில் விரியும் சீட்டில் அதே எண் இன்னொன்று வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் அள்ளுவார். பெரும்பாலும் வராது, வருத்தமே இல்லாமல் எறிந்துவிடுவார். சீட்டை எறிய சாஜிதாவுக்கும் வந்துவிட்டது, மனுஷனை விடத்தான் வரவில்லை. இத்தா முடிந்தும் ஆட்டம் முடியவில்லை. சில நாள் அவளைக் கேட்காமலே விரல் நகர்ந்தது. பயந்துபோய் போனை அரிசி டப்பாவில் போட்டு மூடினாள். சாயங்காலமானதும் தானே எடுத்தாள்.

சுரேந்தரின் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது.

"பத்திரிகைய நேர்ல வெச்சாத்தானுங்க மரியாதை. ஊட்டு அட்ரஸ் சொல்லுங்க பாய்."

சில நாள் மழுப்பிவிட்டு, கடைசியில் கொடுத்துவிட்டாள். பயந்தாள்தான், ஆனாலும் ஒரு நிம்மதி. அவர் போய்விட்டார் என்பது அந்த மேசைக்கும் தெரிந்துவிட்டால், தானும் வாய்விட்டு அழுது தீர்க்கலாம்.

சுரேந்தர் மனைவியோடு பழத்தட்டு ஏந்தி வந்தார். "பாய் இல்லீங்களா அம்மணி?"

சாஜிதா கையிலிருந்த போனைப் பார்த்தாள். அவள் மகள் அஃப்ராதான் சொன்னாள். "அத்தா மவுத்தாகி எட்டு மாசமாச்சுங்க."

சுரேந்தருக்கு முகம் வெளுத்தது. முந்தின நாள்கூட நாலாம் எண் ஜோடியில் அவரை ஜெயித்திருந்தார் நிஜாம். சாஜிதாவின் கையிலிருந்த போனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பத்திரிகையை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சாஜிதா போனில் அந்த மேசையைத் திறந்தாள். திட்டட்டும், ஆறுதல் சொல்லட்டும், எதுவானாலும் சரி. சுரேந்தர் அங்கேதான் இருந்தார். எழுத்து வந்தது.

"பாய், உங்களப் பாக்க முடியாமப் போச்சுங்க. கல்யாணத்துக்கு அம்மணிய மறக்காம அனுப்பி வையுங்க."

பாவி மனுஷன், இவ்வளவு மரியாதையா தெரிந்திருக்க வேண்டும்! அழுது தீர்க்கவும் வழியில்லாமல் பண்ணிவிட்டார்.

"அனுப்பறனுங்க" என்று அடித்தாள். இனி அவரைச் சாகவிட ஒருத்தரும் இல்லை.