கதவு விற்றுக் கற்ற ஸ்பானியம்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். காரைக்குடியில் பழைய கதவும் தூணும் விற்கும் கடையைத் தனி ஆளாக நிமிர்த்தினேன். ஸ்பெயின்காரர்கள் வந்தால் மற்ற கடைக்காரர்கள் கால்குலேட்டரை நீட்டுவார்கள். நான் அவர்கள் பாஷையிலேயே பேசுவேன். உடைந்திருந்தால் ரோத்தோ, சில பொருளுக்கு ரோத்தா. திறந்திருந்தால் அபியெர்த்தோ. வர்ணம் பூசியிருந்தால் பிந்தாதோ. விற்றுப்போயிருந்தால் பெந்திதோ. யார் உடைத்தது, எப்போது திறந்தது என்றெல்லாம் சொல்லத் தெரியாது. பொருள் இப்போது என்ன நிலையில் நிற்கிறது என்று சொல்லத் தெரியும். வியாபாரத்துக்கு அது போதும்.

பார்சிலோனாவுக்கு வேலைக்குப் போன என் மகன் அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அதிலிருந்து எங்களோடு அவனுக்குப் பேச்சில்லை. மருமகள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டி "மாமா" என்பாள்.

போன மாசியில் என் மனைவி குளியலறையில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது, பிறகு நெஞ்சும் தளர்ந்தது. "பாக்க வேண்டியவுகள வரச் சொல்லிருங்கய்யா" என்றார் டாக்டர். மருமகளிடம் இடுப்பைத் தொட்டுக் காட்டி "ரோத்தா" என்றேன். அழுதாள். வா என்பதற்கு அவர்கள் சொல் எனக்குத் தெரியாது. கடைக்கு வருகிறவர்களை நான் கூப்பிட்டதே இல்லை. போனே மொழிபெயர்க்கும் என்றார்கள். என் வீட்டு விஷயத்தை ஒரு மெஷின் பேசுவதா?

மகனின் அறையைத் திறந்து, கழுவி, வர்ணம் பூசினேன். அடுத்த ஞாயிறு போனை அங்கே கொண்டுபோய்க் காட்டினேன். "அபியெர்த்தா. லவாதா. பிந்தாதா." விரித்த கட்டிலையும் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. இங்கே விளக்கு வைக்கும் நேரம், அங்கே மதியம். பக்கவாட்டில் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல, "தோர்மிதோ, மாமா" என்றாள்.

தூங்குகிறானாம். அப்போதே அவளுக்குப் பக்கத்தில் ஒருவன் இருமினான். என் மகன் இருமல் எனக்குத் தெரியாதா?

போனை வைத்துவிட்டு, அடுத்த அறையில் படுத்திருந்த மனைவியிடம் போனேன்.

"என்ன சொல்றான்?"

"தூங்குறானாம். அங்குட்டு மத்தியானத்துல எல்லாரும் தூங்குவாக."

"இருமுனது எனக்கும் கேட்டுச்சு. அவனுக்குத் தமிழு மறந்தா போச்சு? நீங்க ஒரு வார்த்த, வாடான்னு சொன்னீகளா?"

"அறையக் காட்டுனேன்ல."

"அறைய யாரு கேட்டா?"

சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தாள். இடுப்பு விடவில்லை. நான்தான் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.