மாலை போடாத படம்

நான் வந்து சேர்ந்த வெளிநாட்டில், லாசால் என்ற ஊரில், ஒரு கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், நானும் அவளும் சமையல். பகல் முழுக்கக் குழந்தைகளின் சத்தத்துக்குள்தான் வேலை. அவள் தென் சூடான்காரி, டிங்கா இனம். பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் போட்டுக் குழப்பித்தான் எங்கள் கதை நடக்கும்.

ஒரு ஞாயிறு அவளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். நான் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்க, அவள் செய்த வேலையைப் பாருங்கள்! சுவரில் அப்பாவின் படத்துக்கு இரண்டு மாலை. பக்கத்தில் தம்பியின் படம் வெறுமனே இருக்கிறதே, பாவம் என்று, ஒன்றைக் கழற்றி அதற்குப் போட்டுவிட்டாள்.

“ஐயோ, கழட்டு! உனக்கென்ன விசரே?” என்று கத்திவிட்டேன்.

மாலை செத்தவர்களுக்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தம்பியை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. “அவன் வருவான் எண்டுதான் நான் இன்னும் இருக்கிறன்” என்னும்போது அழுகை வந்துவிட்டது.

அவள் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தன் கதையைச் சொன்னாள். உள்நாட்டுப் போரில் வேறோர் இனத்து ஆயுதக் குழு அவளுடைய ஊருக்குள் புகுந்து, டிங்கா ஆட்களைத் தேடித் தேடிச் சுட்டதாம். அவளுடைய அண்ணனுக்கு நெற்றியில், இன அடையாளமாகக் கீறிய டிங்காக் கோடுகள். வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் நெற்றியை எங்கே ஒளிப்பது? ஆற்றைக் கடந்து தப்பியவர்களில் அவன் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

“ஊரில இருக்கிற என்ர தம்பி, அண்ணையின்ர பேரில பொம்பிளை எடுக்கப் போறானாம்” என்றாள்.

கலியாணம் ஆகாமல் செத்தவனுக்காகச் சகோதரன் ஒருத்தியைக் கட்டுவது அவர்கள் வழக்கம். பிறக்கிற பிள்ளை செத்தவனின் பிள்ளை.

“நான் ஓம் எண்டால் அண்ணை செத்திட்டான் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. மாட்டன் எண்டு நிக்கிறன்.”

“ஓம் எண்டு சொல்லாதை” என்றேன் நானும்.

ஆனால் பேந்து, கொஞ்ச நாள் போக, ஓம் என்று சொல்லிவிட்டாள். போன மாதம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு நிற்கையில் அவளுடைய போனுக்கு ஒரு படம் வந்தது. கொழுகொழுவென்று ஓர் ஆண் குழந்தை.

“பாரன், என்ர அண்ணையின்ர மகன்!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்று அழுதாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்ல என்ன வெட்கம்? தம்பியின் பிள்ளை ஒன்று என்னை மாமி என்று கூப்பிட்டுக் கேட்க எவ்வளவு ஆசை! எங்களில் அந்த வழக்கம் இல்லை. இருந்தால் மட்டும் என்ன, அவன் செத்துவிட்டான் என்று முதலில் என் வாயால் சொல்ல வேண்டுமே.